விடுப்பின்றிப் பணிக்கு வராதவரை நீக்கும்போது "ஏன் வரவில்லை" என்று கேட்பது யார் பொறுப்பு?

உடுமலை தாமரை
செவ்வாய், காலை 8.40

என் அக்காள் கணவர் மாநில அரசுத் துறை ஒன்றில் உதவியாளர். துறையின் பெயரும் அலுவலகம் இருக்கும் ஊரும் இங்கே வேண்டாம். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலான பணியில், தவறுக்கு விளக்கம் கேட்கும் குறிப்பாணை ஒன்றுகூட வாங்காதவர். 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் அவருடைய தம்பி இறந்துபோனார். மருத்துவமனையில் கூடவே இருந்தவர் இவர்தான். அதன்பிறகு தூக்கம் போயிற்று, பேச்சு குறைந்தது. காலையில் அலுவலகத்துக்குப் புறப்பட்டு, பஸ் நிறுத்தத்திலிருந்தே திரும்பி வந்துவிடுவார். முதலில் மருத்துவ விடுப்பு எடுத்தார். அது முடிந்த பிறகு நீட்டிக்க விண்ணப்பிக்கவில்லை. அக்கா ஒருமுறை மனநல மருத்துவரின் சான்றை எடுத்துக்கொண்டு நேரில் போனார். தபால் பிரிவில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஒப்புகை எதுவும் தரவில்லை.

இடையில் வாடகை வீடு மாறினோம். அலுவலகத்தின் கடிதங்கள் எல்லாம் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பியிருக்கின்றன. கடைசியில் பழைய வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு, சார்வு செய்யப்பட்டதாக, அதாவது உரியவரிடம் சேர்ப்பிக்கப்பட்டதாக, எழுதிக்கொண்டார்கள். விசாரணை ஒருதரப்பாகவே முடிந்தது. ஓராண்டுக்கும் மேல் அனுமதியின்றி வரவில்லை, குற்றச்சாட்டு நிரூபணம், பணிநீக்கம் என்று முடித்துவிட்டார்கள். அந்த ஆணை மட்டும் புதிய முகவரிக்குச் சரியாக வந்து சேர்ந்தது.

அதே அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் தங்கள் வீட்டுத் திருமண அழைப்பிதழை எங்கள் புதிய வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். அவருடைய கைபேசி எண் அலுவலகத்தில் எல்லோரிடமும் இருக்கிறது. விடுப்பு விண்ணப்பம் கொடுக்காமல் இருந்தது தவறு என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதரின் மொத்தப் பணிக்காலத்தையும் அழிக்கும் முன், ஏன் வரவில்லை என்று ஒரே ஒருவர் கேட்டிருக்க வேண்டாமா? இது நியாயமா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கல்வராயன் பெற்றோர்
செவ்வாய், காலை 10.05

உங்கள் குடும்பத்தின் துயரம் புரிகிறது, அம்மா. ஆனால் இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அதை நான் சொல்லியாக வேண்டும்.

எங்கள் மலையில் இரண்டு ஆசிரியர் பள்ளி ஒன்று. ஒருவர் வரவே மாட்டார். எப்போது கேட்டாலும் மருத்துவ விடுப்பு என்பார்கள். பிறகு அந்தப் பேச்சும் நின்றது. ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே ஆசிரியை ஓர் அறையில் வைத்துக்கொண்டு திண்டாடினார். வேறு ஆசிரியர் கேட்டு மனு கொடுத்தால், பணியிடம் காலியாக இல்லை என்று பதில் வரும். வராத மனிதரின் பெயர் பதிவேட்டில் இருக்கும்வரை அந்த இடம் நிரம்பிய இடம். என் மூத்த மகள் நான்காம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் அப்படித்தான் கடந்தாள். இன்றுவரை வகுத்தல் கணக்கு என்றால் அவளுக்குப் பயம்.

2020 அக்டோபரில், கொரோனா உச்சத்தில் இருந்தபோது, கேரளச் சுகாதாரத் துறை 385 மருத்துவர்கள் உட்பட 432 பேரைப் பணியிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. எல்லாரும் நீண்ட காலம் சொல்லாமல் கொள்ளாமல் வராதவர்கள். அத்தனை மருத்துவர் இடங்கள் தாளில் நிரம்பியும் மருத்துவமனையில் காலியாகவும் இருந்திருக்கின்றன. அவர்களை நீக்கியதை அநியாயம் என்று என்னால் சொல்ல முடியாது.


சங்கரலிங்கம் (ஓய்வு)
செவ்வாய், பிற்பகல் 12.30

நான் கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில்தான். இருவரும் சொல்வது ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் என்று எனக்குப் படுகிறது. எப்படி என்று விளக்குகிறேன்.

தமிழ்நாட்டில் இதற்கான விதி, தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கும் மேல்முறையீடும்) விதிகள், 1955. சிறு தண்டனை என்றால் 17(அ) குறிப்பாணை, பெருந்தண்டனை என்றால் 17(ஆ) குறிப்பாணை. பணிநீக்கமும், அதைவிடக் கடுமையான பணியறவும் 17(ஆ) இல்லாமல் வரக் கூடாது. நீக்கப்பட்டவர் பிறகு வேறு அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். பணியறவு பெற்றவருக்குப் பொதுவாக அந்த வாசலும் அடைபடும். இரண்டிலும் முந்தைய பணிக்காலம் ஓய்வூதியத்துக்குக் கணக்கில் வராமல் போய்விடும். மிகவும் இரங்கத்தக்க நிலை என்றால், பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தவருக்கு ஓய்வூதியத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மிகாமல் கருணைப்படி தரலாம். 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்கள் பழைய திட்டத்தில் இல்லாததால் அவர்கள் கணக்கு வேறு.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். ஒருவர் வராமல் போன முதல் மாதத்தில் எந்த அலுவலகமும் பதறுவதில்லை. சம்பளப் பட்டியலில் அவருக்கு ஊதியத்தை நிறுத்துவார்கள், அதோடு சரி. பக்கத்து இருக்கைக்காரர் அவருடைய கோப்புகளையும் சேர்த்துப் பார்ப்பார். மூன்று மாதம், ஆறு மாதம் போகும். திடீரென்று தணிக்கையில் ஒரு ஆட்சேபணை வரும், அல்லது புதிதாக வந்த மாவட்ட அலுவலர் பணியிட விவரம் கேட்பார். அன்றுதான் அலுவலகம் விழிக்கும். அதுவரை கேட்காத கேள்வியைக் கேட்க அப்போது யாருக்கும் நேரம் இருக்காது. பழைய முகவரிக்குப் பதிவுத் தபால், திரும்பி வந்ததும் கதவில் ஒட்டுதல், ஒருதரப்பு அறிக்கை, ஆணை. எல்லாம் ஓட்டமும் நடையுமாக முடிந்துவிடும்.

அதாவது, கல்வராயன் நண்பரின் பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டு ஆசிரியர் கிடைக்காததற்கும், தாமரை அம்மாவின் அக்காள் கணவரை யாரும் கேட்காததற்கும் காரணம் ஒன்றே. வராத முதல் வாரத்தில் யாரும் போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவர் வேண்டுமென்றே வரவில்லை என்பது அப்போதே தெரிந்து, அந்த இடம் சீக்கிரம் காலியாகியிருக்கும். இன்னொருவர் நோயாளி என்பது தெரிந்து, அவர் விடுப்பு ஒழுங்காகியிருக்கும்.


அறிவுமணி
செவ்வாய், பிற்பகல் 1.15

> வராத முதல் வாரத்தில் யாரும் போய்ப் பார்க்கவில்லை

அரசு ஊழியர் பள்ளிக் குழந்தையா, வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதற்கு? விடுப்பு வேண்டும் என்றால் விண்ணப்பிக்கும் கடமை அவருக்குத்தான். ஒரு கடிதம், அதுவும் முடியாவிட்டால் குடும்பத்தார் மூலம் ஒரு தகவல். அதைக்கூடச் செய்யாதவர் வேலையைத் துறந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வதில் என்ன பிழை? என் தம்பி தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். இரண்டு வாரம் சொல்லாமல் நின்றால் அவன் வேலை போய்விடும். வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவருக்கு மட்டும் ஏன் இத்தனை சடங்குகள்?


வழக்கறிஞர் மெய்யம்மை, மதுரை
செவ்வாய், மாலை 6.50

அறிவுமணி கேட்டது நேர்மையான கேள்வி. அறுபது ஆண்டுகளாக உச்ச நீதிமன்றம் அதற்குத்தான் பதில் சொல்லி வருகிறது.

வராதவர் தானாகவே வேலையைத் துறந்தவர் ஆகிவிடுவார் என்ற விதி முன்பு பல இடங்களில் இருந்தது. ஜோத்பூர் மத்தியச் சிறையில் தலைமைக் காவலராக இருந்த ஜெய்சங்கர் என்பவர் 1950இல் விடுப்பில் போனார். உடல்நலம் சரியில்லை என்று நீட்டிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். விடுப்பு முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் வராதவர் பதவியைத் தியாகம் செய்தவராகக் கருதப்படுவார் என்பது அங்கே விதி. அதைக் காட்டி அவரை வெளியேற்றினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. விதி அதை எந்தச் சொல்லால் அழைத்தாலும் அரசு அவரை வெளியே அனுப்புகிறது, ஆகவே அது பணிநீக்கம்தான், அரசியலமைப்பின் 311ஆம் பிரிவு கோரும் வாய்ப்பை அவருக்குத் தந்தே ஆகவேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 1971இல் பீகாரைச் சேர்ந்த தேவகிநந்தன் பிரசாத் வழக்கிலும் அதே முடிவு. அங்கே விதி ஐந்து ஆண்டு வராமை பற்றியது. ஓய்வூதியம் அரசின் கொடை அல்ல, ஊழியரின் சொத்து என்று சொன்ன புகழ்பெற்ற தீர்ப்பும் அதுதான்.

இவற்றை "சடங்கு" என்று சொல்லாதீர்கள். 311(2) கேட்பது இரண்டே விஷயங்கள்: குற்றச்சாட்டு என்னவென்று அவருக்குத் தெரியவேண்டும், பதில் சொல்ல அவருக்கு நியாயமான வாய்ப்பு வேண்டும்.

அடுத்தது காரணம். 2012இல் கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பணிக்கு வரவில்லை என்று நிரூபித்தால் மட்டும் போதாது. வேண்டுமென்றே வராமல் இருந்தாரா, அல்லது நோய், விபத்து போன்ற, அவர் கட்டுப்பாட்டில் இல்லாத சூழ்நிலையால் வரமுடியவில்லையா என்று விசாரணை அதிகாரி முடிவு சொல்லவேண்டும். அந்த முடிவு இல்லாமல் கடமை தவறினார் என்ற குற்றச்சாட்டு நிற்காது. தாமரை, உங்கள் உறவினரின் விசாரணை அறிக்கையில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மேல்முறையீட்டின் முதல் காரணம் அதுவே.

முகவரி விஷயத்தில் 1998ஆம் ஆண்டின் தீர்ப்பு ஒன்று உங்களுக்கு மிகவும் பயன்படும். தினாநாத் சாந்தாராம் கரேகர் வழக்கு. அவரும் பணிக்கு வராததற்காக நீக்கப்பட்டவர். குற்றச்சாட்டுக் குறிப்பாணை பதிவுத் தபாலில் போய், ஆள் இல்லை என்று திரும்பியது. அடுத்த அறிவிப்பை நாளிதழில் வெளியிட்டார்கள். இதைச் சார்வு செய்ததாக ஏற்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.


பணிமனைத் தோழர்
செவ்வாய், இரவு 9.20

அறிவுமணி தோழருக்கு, தனியார் துறையிலும் நீங்கள் நினைப்பதுபோல் இல்லை. நான் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்தவன், தொழிற்சங்கத்தில் பல ஆண்டு வேலை செய்தவன். இந்த வரலாறு எங்கள் சென்னையிலேயே தொடங்குகிறது.

பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலை, பெரம்பூர்ப் பக்கம் மூன்று தலைமுறைக்குச் சோறு போட்ட ஆலை. எட்டு வேலை நாள் தொடர்ந்து விடுப்பின்றி வராதவர் வேலையை விட்டுப் போனவராகக் கருதப்படுவார் என்று அதன் நிலையாணையில், அதாவது ஆலையின் பணி விதிகளில், ஒரு விதி. ஒரு தொழிலாளி நோயென்று சான்றிதழ் காட்டினார். நிர்வாகம் ஏற்கவில்லை. 1964இல் உச்ச நீதிமன்றம் ஆலையின் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பைக் காட்டி எத்தனை ஆலைவாசல்களில் எத்தனை பேரை வெளியே நிறுத்தினார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அது மாறுவதற்கு 1993வரை ஆனது. டி.கே. யாதவ் வழக்கு. அங்கும் எட்டு நாள் விதிதான். தன்னை வாசலிலேயே உள்ளே விடவில்லை என்பது அந்தத் தொழிலாளியின் வாதம். நிலையாணையில் எழுதியிருந்தாலும் விசாரணை இல்லாமல் வெளியேற்றக் கூடாது, வாழ்வாதாரம் 21ஆம் பிரிவின் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. உங்கள் தம்பியும் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வந்தால் அவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. அது தெரியாமல்தான் பலர் பேசாமல் வெளியேறிவிடுகிறார்கள்.

எங்கள் கழகங்களில் 'ஆப்சென்ட்' கேஸ் தினசரி நிகழ்ச்சி. ஆனாலும் ஒரு விஷயத்தில் எங்களுக்குச் சட்டம் துணை. தொழில் தகராறு சட்டத்தின் 11-அ பிரிவு 1971இல் சேர்க்கப்பட்டது. தண்டனை அதிகம் என்று தோன்றினால் தொழிலாளர் நீதிமன்றம் அதைக் குறைக்கலாம் என்றது அது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் வந்தது. தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் அதிலும் தொழில் தீர்ப்பாயத்துக்கு உண்டு. அரசு உதவியாளருக்கு அந்த மன்றம் கிடையாது. துறைக்குள் மேல்முறையீடு, பிறகு நேராக உயர் நீதிமன்றம்தான். அங்கே தண்டனை மனச்சான்றை உலுக்கும் அளவுக்குக் கடுமையாக இருந்தால்தான் தலையிடுவார்கள். ஓட்டுநருக்கு இருக்கும் வாய்ப்பு எழுத்தருக்கு இல்லை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.


அறிவுமணி
புதன், காலை 7.30

படித்தேன். தீர்ப்புகளை ஏற்கிறேன். ஆனாலும் நீதிமன்றம் எப்போதும் ஊழியர் பக்கம் நிற்கவில்லையே? 2014இல் சென்னைப் பெருநகர்க் குடிநீர் வாரியத்தின் வழக்கில் பணியறவை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உயர் நீதிமன்றம் தண்டனை அதிகம் என்று சொன்னதை ரத்து செய்தது. ஓராண்டுக்கும் மேல் வராத பொறியாளர். அழைப்புகளுக்கும் பதில் சொல்லவில்லை. தாமரை அவர்களின் உறவினரும் ஓராண்டுக்கு மேல்தான்.


வழக்கறிஞர் மெய்யம்மை, மதுரை
புதன், காலை 9.45

அந்த வழக்கை இங்கே கொண்டுவந்தது நல்லது. அதில் இரண்டு விஷயங்கள் அவருக்கு எதிராகப் போயின. திரும்பத் திரும்ப அழைத்தும் அவர் வரவில்லை, பதிலும் இல்லை. பிறகு பணியறவு ஆணைக்கு எதிராக நீதிமன்றத்துக்கு வர ஆண்டுக்கணக்கில் தாமதித்தார். தூங்கிக்கொண்டிருப்பவரின் உரிமைக்கு நீதிமன்றம் காவல் நிற்காது. பர்மார் வழக்கையும் அங்கே எடுத்துப் பார்த்து, இங்கே நிலைமை வேறு என்று சொல்லித்தான் ஒதுக்கினார்கள். அதனால் தாமரைக்கு நான் அழுத்திச் சொல்வது: ஆணையின் கடைசிப் பகுதியில் மேல்முறையீட்டுக்கான கெடு இருக்கும். அந்தக் கெடுவுக்குள் போய்விடுங்கள். மற்ற எல்லாவற்றையும் பிறகு சரிசெய்யலாம், கடந்த கெடுவைச் சரிசெய்வது மிகக் கடினம்.

எதிர்ப்பக்க உதாரணமும் ஒன்று. கோல் இந்தியாவின் ஊழியர் ஒருவர் ஆறு மாதத்துக்கு மேல் வரவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டார். தன் கைமீறிய சொந்தக் காரணங்கள் என்றும் வேலையை விடும் எண்ணம் இல்லை என்றும் சொன்னார். பணிநீக்கம் அளவுக்கு மீறியது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, நிலுவைச் சம்பளம் இல்லாமல் மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு எனக்குப் பிடிக்கும். அவர் இழந்தது இழந்ததாகவே இருந்தது. வேலை மட்டும் திரும்பக் கிடைத்தது.

காவல், துணை ராணுவம் போன்ற சீருடைப் பணிகளில் அளவுகோல் இன்னும் கடுமை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.


இடைநிலை ஆசிரியை
புதன், பிற்பகல் 4.40

கல்வராயன் ஐயா, நீங்கள் சொன்ன பள்ளியின் அந்த ஒற்றை ஆசிரியையின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். வராதவர் மீது எனக்கும் கோபம் உண்டு. தலைமையாசிரியர் மேலே எழுதிப்போட்டால், அவர் யாருக்கு வேண்டியவர் என்று முதலில் விசாரிப்பார்கள். கோப்பு நகராது.

என் கோபத்தில் பாதி வேறு இடத்துக்குப் போகிறது. செல்வாக்கு உள்ளவர் ஆண்டுக்கணக்கில் வராமல் இருப்பார், பிறகு ஒரு மருத்துவச் சான்றோடு வந்து சேர்ந்து, அந்தக் காலத்தை ஊதியமில்லா விடுப்பாக ஒழுங்குபடுத்திக்கொண்டு பதவி உயர்வுப் பட்டியலிலும் நிற்பார். கேட்க நாதியில்லாத துப்புரவுப் பணியாளர், இரவுக் காவலர், அலுவலக உதவியாளர் ஆகியோருக்கு மட்டும் விதி முழுதாகப் பாயும். அதே வராமை, அதே விதிப்புத்தகம். ஒருவருக்கு ஊதியமில்லா விடுப்பு, மற்றவருக்குப் பணிநீக்கம். எந்த அளவுகோலில் இப்படிப் பிரித்தார்கள் என்று எந்த ஆணையிலும் எழுதியிருப்பதில்லை.

பெண்களுக்கு இன்னொன்று. திருமணமாகிக் கணவர் ஊர் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். மாறுதல் கேட்டு மூன்று கலந்தாய்வு போய்விடும். கைக்குழந்தைக்கு வலிப்பு வந்து ஒரு மாதம் நின்றுவிட்டால் அது அனுமதியற்ற வராமை. என் தோழி ஒருத்திக்கு இது நடந்தது. நல்லவேளை, அவளுடைய வட்டாரக் கல்வி அலுவலர் ஒரு பெண். தொலைபேசியில் கூப்பிட்டு, "என்னம்மா ஆயிற்று?" என்று கேட்டார். அந்த ஒரு அழைப்பில் விடுப்பு விண்ணப்பம் வந்தது, சான்று வந்தது, அடுத்த மாதம் அவளும் வந்துவிட்டாள்.


வவுனியா வாசகி
புதன், இரவு 10.10

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் நாட்டில் அரச ஊழியர் அனுமதியின்றி வராவிட்டால், அவர் பதவியைத் தானே விட்டு விலகியதாகக் கருதி அறிவித்தல் அனுப்பும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அதன் கூர்மையை நாங்கள் 1980 ஜூலையில் பார்த்தோம். சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 40,000 பேரை, வேலைக்கு வரவில்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி ஜே.ஆர். ஜயவர்த்தன அரசு வெளியேற்றியது. ஒவ்வொருவரையும் விசாரிக்கவில்லை. என் பெரியப்பா அவர்களில் ஒருவர். பிறகு அவர் எந்த அலுவலகத்திலும் வேலை செய்யவில்லை. நோயால் வராதவருக்கும் அரசியல் கோரிக்கைக்காக வராதவருக்கும் வேறுபாடு பார்க்கத் தேவையில்லை என்று ஒரு விதி அனுமதித்தால், அது அரசாங்கத்தின் கையில் எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதை நினைத்துப் பாருங்கள்.


சங்கரலிங்கம் (ஓய்வு)
வியாழன், காலை 6.55

வவுனியாச் சகோதரி சொன்னதைப் படித்ததும் தமிழ்நாட்டில் 2003 ஜூலையில் நடந்தது நினைவுக்கு வந்தது. ஓய்வூதியச் சலுகைக் குறைப்புகளை எதிர்த்து 2ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. இரண்டே நாளில் அவசரச் சட்டம். அதன்கீழும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின்கீழும் ஏறத்தாழ 1.7 லட்சம் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பணியறவு செய்யப்பட்டார்கள். குறிப்பாணை இல்லை, விளக்கம் கேட்கவில்லை. மகப்பேறு விடுப்பில் இருந்தவர், மருத்துவமனையில் படுத்திருந்தவர் பெயர்களும் எங்கள் பட்டியலில் கலந்திருந்தன. அவற்றைப் பிரித்தெடுக்கப் பிரிவில் நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அந்த ஆகஸ்ட் 6ஆம் தேதி டி.கே. ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று கடுமையாகவே சொன்னது. அதே தீர்ப்பில், நிபந்தனையற்ற வருத்தம் தெரிவித்து உறுதிமொழி கொடுத்தால் பெரும்பாலானோரைத் திரும்பச் சேர்க்கும் வழியும் ஏற்பட்டது. மற்றவர்களின் முறையீட்டை ஓய்வுபெற்ற நீதிபதிகள் மூவர் விசாரிக்க ஏற்பாடு. அதாவது அத்தனை பெரிய எண்ணிக்கைக்குப் பிறகும், கடைசியில் ஒவ்வொருவர் கதையையும் தனித்தனியாகக் கேட்க வேண்டியதாகத்தான் போயிற்று. அதை முதலில் செய்திருந்தால் என்ன?


கல்வராயன் பெற்றோர்
வியாழன், காலை 11.20

எல்லாம் படித்தேன். என் கோபம் குறையவில்லை, ஆனால் அது யார்மீது என்பதில் கொஞ்சம் தெளிவு வந்திருக்கிறது. வராதவர் மீது மட்டுமல்ல, வராததை எழுதி வைக்காத அலுவலர் மீதும்தான். இனி நான் மனு எழுதினால், "அவரை நீக்குங்கள்" என்று எழுதமாட்டேன். இத்தனை நாளாக அவர் வராததற்கு எந்தத் தேதியில் என்ன விளக்கம் கேட்டீர்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பேன். அதுவரை தற்காலிக ஏற்பாடாக ஒரு ஆசிரியரைப் போட என்ன தடை என்றும் கேட்பேன். விசாரணை ஒழுங்காக நடக்கட்டும். ஆனால் அது முடியும்வரை என் பிள்ளைகள் காத்திருக்க முடியாது.

சங்கரலிங்கம் ஐயா, மாற்றுப்பணியில் ஓர் ஆசிரியரை அனுப்புவதற்கு அந்த இடம் காலியாக இருக்கவேண்டும் என்று விதி உண்டா?


சங்கரலிங்கம் (ஓய்வு)
வியாழன், பிற்பகல் 12.05

மாற்றுப்பணிக்கு அந்த இடம் காலியாக இருக்கவேண்டியதில்லை. பக்கத்துப் பள்ளியில் கூடுதலாக உள்ள ஒருவரை அனுப்பலாம். செய்ய மனம் வேண்டும். மனுவில் அந்தப் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையையும் வகுப்புவாரியாக எழுதுங்கள். எண் இருந்தால் அதிகாரி பதில் எழுதியாக வேண்டும்.


உடுமலை தாமரை
வெள்ளி, இரவு 8.15

எல்லோருக்கும் நன்றி. அக்காவும் நானும் ஆணையையும் விசாரணை அறிக்கையையும் எடுத்து வைத்துப் படித்தோம். மெய்யம்மை அவர்கள் சொன்ன வரி அறிக்கையில் இல்லை. எத்தனை நாள் வரவில்லை என்பது மட்டும் மூன்று இடத்தில் இருக்கிறது. ஏன் என்பது ஓரிடத்திலும் இல்லை. விசாரணை அறிக்கையின் நகலும் ஆணையோடு சேர்த்துத்தான் வந்தது, முன்பு வரவில்லை. அக்கா கொடுத்த மருத்துவச் சான்று பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அவர் இப்போது மருந்து எடுத்துக்கொள்கிறார். காலையில் நடக்கப் போகிறார். ஆணையைப் பற்றி அவரிடம் பேசவே அக்காவுக்குப் பயமாக இருக்கிறது. மேல்முறையீட்டில் அவருடைய நோயைப் பற்றி எழுதினால், "மனநோயாளி, வேலைக்குத் தகுதியில்லை" என்று அதையே காரணமாக்கி நிரந்தரமாக ஒதுக்கிவிடுவார்களோ என்று நாங்கள் தயங்குகிறோம்.


வழக்கறிஞர் மெய்யம்மை, மதுரை
வெள்ளி, இரவு 9.40

தயங்காதீர்கள். சட்டம் நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 20(4) பிரிவைப் பாருங்கள். பணிக்காலத்தில் மாற்றுத்திறன் நிலைக்கு ஆளான ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பார்த்த வேலைக்குப் பொருந்தவில்லை என்றால் அதே ஊதியத்தில் வேறு வேலை தரவேண்டும். அதுவும் இல்லையென்றால் பொருத்தமான இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை கூடுதல் பணியிடத்தில் வைத்திருக்கவேண்டும். அந்தச் சட்டத்தின் அட்டவணையில் மனநோயும் இருக்கிறது.

2021 டிசம்பரில் ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி அவர். குற்றஞ்சாட்டப்பட்ட நடத்தைக்கு மனநலக் குறைபாடு ஒரு காரணமாக இருந்தாலே போதும், அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது பாகுபாடு என்று சொன்னது. சீருடைப் படைக்கே அந்த நிலை என்றால், அலுவலக உதவியாளருக்கு அது இன்னும் வலுவான வாதம். ஆனால் இதற்கு முறையான மருத்துவ ஆதாரம் வேண்டும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டி, எந்தக் காலத்திலிருந்து நோய், எவ்வளவு பாதிப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். எல்லா மனச்சோர்வும் சட்டம் சொல்லும் மாற்றுத்திறன் ஆகிவிடாது, மருத்துவச் சான்றுதான் அதை முடிவுசெய்யும்.

விசாரணை அறிக்கையை முன்கூட்டித் தராதது தனிக் குறை. ஹைதராபாத் மின்னணுக் கழகம் எதிர் கருணாகர் வழக்கில் 1993லேயே இது முடிவான விஷயம். தண்டனை வழங்கும் முன் அறிக்கையின் நகலைக் கொடுத்து, அதன்மீது அவர் சொல்வதைக் கேட்கவேண்டும். கேட்காததால் அவருக்கு என்ன பாதிப்பு என்பதையும் நீங்கள் காட்டவேண்டும். உங்கள் விஷயத்தில் அது எளிது. மருத்துவச் சான்றை அப்போதே காட்டியிருப்பார்.


அறிவுமணி
சனி, காலை 8.00

தாமரை அவர்களுக்கு, உங்கள் வழக்கில் நியாயம் இருக்கிறது. ஊழியருக்கும் தகவல் சொல்லும் கடமை உண்டு என்பதில் நான் மாறவில்லை. ஆனால் தகவலைக் கொண்டுபோன மனைவிக்கு ஒப்புகை தராமல் அனுப்பிய அலுவலகம், தகவல் வரவில்லை என்று சொல்ல முடியாது. அதை மேல்முறையீட்டில் தனிப் பத்தியாக எழுதுங்கள். உங்கள் அக்கா போன தேதி தெரிந்தால் போடுங்கள். வாசலில் வருகைப் பதிவேடு இருந்தால் அந்தப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள்.


சங்கரலிங்கம் (ஓய்வு)
சனி, காலை 9.30

அறிவுமணி சொன்னது மிகச் சரி. அதோடு சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அம்மா. பணிப்பதிவேட்டின் முழு நகலையும் கேட்டு வாங்குங்கள். முந்தைய ஆண்டுகளில் தண்டனை எதுவும் இல்லை என்பது அதில்தான் தெரியும். தண்டனையின் அளவைப் பேசும்போது அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. திரும்பி வந்த தபால் உறைகள் அலுவலகக் கோப்பில் இருக்கும். அஞ்சல்காரர் உறைமேல் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். "வீடு மாறிவிட்டார்" என்று எழுதியிருந்தால், அதைப் பார்த்த பிறகும் அதே முகவரியில் கதவில் ஒட்டியது ஏன் என்று கேளுங்கள். பணிநீக்க ஆணை புதிய முகவரிக்கு வந்த உறையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த முகவரி அவர்களுக்கு எப்போது தெரிந்தது என்ற கேள்விக்கு அவர்களால் பதில் சொல்ல முடியாது.

கோரிக்கையை இரண்டு நிலையாக எழுதுங்கள். முதலில், ஆணையை ரத்து செய்து, வராத காலத்தை மருத்துவச் சான்றின்பேரில் ஊதியமில்லா அசாதாரண விடுப்பாக ஒழுங்குபடுத்த வேண்டும். அது முடியாதென்றால், பணிநீக்கத்துக்குப் பதிலாக ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற குறைந்த தண்டனை. நிலுவைச் சம்பளம் கேட்டுப் பிடிவாதம் பிடிக்க வேண்டாம், வேலைதான் முக்கியம். மனுவில் அவரே கையெழுத்திட வேண்டும். அவருக்குப் புரியும்படி முழுவதும் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பதிவுத் தபாலில் ஒன்று அனுப்புங்கள், நேரில் ஒன்று கொடுங்கள், இந்த முறை ஒப்புகை வாங்காமல் அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள். வரைவை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பினால் ஞாயிறு மாலைக்குள் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.